வடக்கு வேல்ஸில் மூன்று நாள்: எட்வர்டின் கோட்டைகளா, சிலேட்டு மலைகளா?

நாடோடிக்கிளி
ஜூன் மாதம், செஸ்டரிலிருந்து காரில் கிளம்பி மூன்று முழு நாள். நான்கு பேர். ஒருவருக்கு 68 வயது, முட்டி வலி. சமதளத்தில் நடப்பார், சுழல்படி ஏறமாட்டார். இங்கிலாந்தின் எட்வர்ட் மன்னன் கட்டிய நான்கு கோட்டைகளையும் பார்த்து முடிப்பதா, சிலேட்டுக் குவாரிப் பக்கம் போவதா? இரண்டிலும் தலையைக் காட்டிவிட்டு ஓடி வருவதில் விருப்பமில்லை.

கோட்டைவாசல்
கோட்டைதான், யோசிக்கவே வேண்டாம். வேல்ஸ் இளவரசர் லிவெலின் அப் கிரிஃபித் 1282 டிசம்பர் 11 அன்று கொல்லப்பட்டார். அடுத்த ஆண்டே கான்வி, கைர்னார்வன், ஹார்லெக் மூன்றிலும் எட்வர்ட் வேலையைத் தொடங்கிவிட்டான். சவாயிலிருந்து வந்த மாஸ்டர் ஜேம்ஸ் மேற்பார்வை. கான்வியில் கோட்டையும் ஊர் மதிலும் 1287க்குள் எழுந்துவிட்டன, சுமார் 15,000 பவுண்டு செலவில். நான்காவதான பியூமாரிஸ் 1295இல் தொடங்கிக் கடைசிவரை முடியவே இல்லை. பணம் தீர்ந்துபோனதுதான் காரணம். நான்கும் சேர்ந்து 1986இல் யுனெஸ்கோ பட்டியலுக்கு வந்தன.

கான்வியில் எல்லோரும் கோட்டைக்குள் நுழைந்து, ஏறி, படம் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். அங்கே அசல் சொத்து ஊர் மதில். 1.3 கிலோமீட்டர் நீளம், 21 கோபுரம், 3 வாசல். பெரும்பகுதியில் மேலேயே நடக்கலாம், கட்டணம் கிடையாது. தெற்குப் பக்கம் ஆலை வாசலருகே மதிலுக்கு வெளியே நின்று அண்ணாந்து பாருங்கள்: கல் பெட்டிகள் மாதிரி 12 புடைப்புகள் வரிசையாகத் துருத்திக்கொண்டிருக்கும். அத்தனையும் கழிப்பறை, அரசு அலுவலர்களுக்குக் கட்டியது. 700 ஆண்டுக்கு முன்னால் ஓர் அலுவலகம் எப்படி இயங்கியது என்பதை எந்தக் கோபுரத்தையும்விட அந்தப் பன்னிரண்டும் நன்றாகச் சொல்லும்.

முட்டி வலிக்காரருக்கு பியூமாரிஸ். இடமே சமதளம், இரண்டு வளையமாக மதில், நடுவில் புல்வெளி. படி ஏறாமலே கோட்டையின் அமைப்பு முழுக்கப் புரிந்துவிடும். ஹார்லெக் பாறைமேல் இருந்தாலும் 2015இல் போட்ட நடைபாலம் வழியாக நேராக வாசலுக்குப் போகலாம்.

சிலேட்டுக்கல்
கோட்டைவாசல் சார் சொன்ன தகவலில் பிழை இல்லை. ஆனால் அவர் காட்டுவது வேல்ஸை அல்ல, வேல்ஸுக்குப் போட்ட பூட்டை. அந்த ஊர் மதில்கள் யாரை வெளியே நிறுத்தக் கட்டியவை? இங்கிலாந்திலிருந்து குடியேற்றியவர்களை உள்ளே வைத்து, அந்த மண்ணின் மக்களை வெளியே நிறுத்தத்தான். கான்வி ஊர் நிற்குமிடத்தில் முன்பு ஒரு மடாலயம் இருந்தது. லிவெலினின் பாட்டனார், பெரிய லிவெலின், அடக்கமானது அங்கேதான். எட்வர்ட் மடாலயத்தையே பெயர்த்து ஆற்றின் மேற்போக்கில் மைனானுக்கு அனுப்பிவிட்டான். பெரிய லிவெலினுடையது என்று காட்டப்படும் கல் சவப்பெட்டி இன்று லான்ரூஸ்ட் ஊர்த் தேவாலயத்தில், குயிதிர் சிற்றாலயத்தில், வெறுமையாகத் தரையில் கிடக்கிறது. கான்வியிலிருந்து 20 கிலோமீட்டர்கூட இல்லை. கோட்டைக்கு வருகிறவர்களில் பத்தில் ஒருவராவது அங்கே எட்டிப் பார்க்கிறார்களா?

கோட்டை பார்த்தே தீரவேண்டும் என்றால் வேல்ஸ்காரர்களே கட்டியதைப் பாருங்கள். லான்ரூஸ்டிலிருந்து ஏ470 சாலையில் தெற்கே போனால் டொல்விதெலன். 1283 ஜனவரியில் எட்வர்டின் கைக்குப் போனது. லான்பெரிஸில் ஏரிக்கு மேலே டொல்பதார்ன்; ஒற்றை வட்டக் கோபுரம், சுமார் 15 மீட்டர். 1282இல் கொல்லப்பட்ட லிவெலின் தன் அண்ணன் ஓவைனை இருபது ஆண்டு சிறைவைத்தது அங்கேதான் என்பது வழிவழிச் செய்தி.

சிலேட்டுக்கு வருகிறேன். வடமேற்கு வேல்ஸின் சிலேட்டு நிலப்பரப்பும் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது, 2021 முதல். இந்தக் கல் ஏன் ஏடு ஏடாகப் பிரிகிறது தெரியுமா? களிமண் படிவு பூமிக்கடியில் பக்கவாட்டில் நசுங்கி, அதிலுள்ள தட்டையான கனிமத் துகள்கள் எல்லாம் ஒரே திசையில் திரும்பி நின்றுவிட்டன. சேறு எப்படிப் படிந்ததோ அந்தப் படுகையில் அல்ல, நசுங்கிய திசைக்குச் செங்குத்தாகத்தான் பிரியும். இது தெரியாதவன் எவ்வளவு தட்டினாலும் சில்லுதான் மிஞ்சும்.

பிளப்பவர் தாழ்வாக உட்கார்ந்து, கட்டியைத் தொடைமேல் சாய்த்து வைப்பார். அகலமான மெல்லிய உளி, ஒரு கொட்டாப்புளி. விளிம்பில் உளியை வைத்து மெதுவாகத் தட்டினால் ஒரு கோடு ஓடும். பிறகு உளியை நெம்பினால் இரண்டாகும். எப்போதும் சரிபாதி: எட்டு ஏடு வேண்டுமென்றால் பாதி, பாதியில் பாதி, அதிலும் பாதி. ஓரத்திலிருந்து ஒவ்வோர் ஏடாக உரிக்கப் பார்த்தால் மெல்லிய பக்கம்தான் வளையும், வளைந்தால் ஒடியும். கட்டி காயவும் விடக்கூடாது. மலையிலிருந்து வந்த ஈரம் போய்விட்டால் கோடு நேராக ஓடாது. பிளந்த கூரை ஓடுகளுக்கு அளவை வைத்துப் பெயர்: 24க்கு 12 அங்குலம் 'டச்சஸ்', 20க்கு 10 'கவுண்டஸ்', 16க்கு 8 'லேடி'. முதலாளி வீட்டுச் சீமாட்டிகளின் பட்டங்களைக் கூரைமேல் வரிசையாக அடித்திருக்கிறார்கள்!

வெட்டியெடுத்ததில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு கழிவு. பிளைனை ஃபெஸ்டினியோகில் ஊரைச் சுற்றிச் சாம்பல்நிற மலையாக நிற்பது அதுதான். 1951இல் ஸ்னோடோனியா தேசியப் பூங்காவுக்கு எல்லை போட்டபோது இந்தக் குவியல்களைச் சாக்காக வைத்து ஊரை மட்டும் வெளியே விட்டார்கள். வரைபடத்தில் பூங்காவின் நடுவே ஓட்டை விழுந்தாற்போல் தெரியும்.

கோட்டைவாசல்
பூட்டு என்று சொன்னால் பூட்டை உடைத்தவர்களையும் சொல்ல வேண்டும் ஐயா. 1294இல் மாடோக் அப் லிவெலின் கிளர்ந்தெழுந்து கைர்னார்வனைப் பிடித்து எரித்தார். பியூமாரிஸைக் கட்ட நேர்ந்ததே அதனால்தான். 1401 பெரிய வெள்ளியன்று, காவற்படை தேவாலயத்தில் இருந்த நேரம், ஆங்கில்சியைச் சேர்ந்த கிவிலிம், ரீஸ் என்ற இரு சகோதரர்களின் ஆட்கள் தச்சர் வேடத்தில் வந்து கான்விக் கோட்டையைக் கைப்பற்றினார்கள். பின்னாளில் இங்கிலாந்தையே ஆண்ட டியூடர்கள் இவர்களுடைய இன்னொரு சகோதரரின் வழியில் வந்தவர்கள். வேல்ஸ் கிளர்ச்சித் தலைவர் ஓவைன் க்ளிந்தூர் 1404இல் ஹார்லெக்கைப் பிடித்து 1409 வரை அதையே இருப்பிடமாக்கிக்கொண்டார். ஆக அந்தக் கல்லில் வேல்ஸின் வரலாறும் இருக்கிறது.

சிலேட்டும் அப்படியொன்றும் கறையில்லாதது அல்ல. பென்ரின் குவாரியை வளர்த்தெடுத்த ரிச்சர்ட் பென்னன்டுக்கு ஜமைக்காவில் கரும்புத் தோட்டங்கள் இருந்தன, அடிமை உழைப்பில். அதைச் சொல்லாமல் சீமாட்டி ஓடுகளை மட்டும் சொன்னால் பாதிக் கதை.

சிலேட்டுக்கல்
ஒப்புக்கொள்கிறேன், அது விட்டுப்போனதுதான். ஆனால் மறுபாதியும் அதே குவாரியில் இருக்கிறது. 1900 நவம்பர் 22 அன்று பென்ரின் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். மூன்று ஆண்டு நீடித்தது. பெத்தெஸ்தா ஊரில் வீட்டுச் சன்னல்களில் அட்டை வைத்தார்கள்: "இந்த வீட்டில் துரோகி இல்லை." வேலைக்குத் திரும்பியவர்கள் அட்டையை எடுக்கவேண்டி வந்தது, ஒரே தெருவில் யார் எந்தப் பக்கம் என்பது ஊருக்கே வெளிச்சம். இன்று அதே குவாரிக்கு மேலே கம்பியில் தொங்கிப் பறக்கக் கூட்டம் வருகிறது, அட்டையைப் பற்றிக் கேட்பாரில்லை.

இருப்புப்பாதை
ரெண்டு பேரும் சண்டை போடுறதுல கேட்டவரோட முட்டியை மறந்துட்டீங்க. 😄 லான்பெரிஸ் சிலேட்டு அருங்காட்சியகம் 2024 நவம்பர்ல புதுப்பிக்கறதுக்காக மூடினது. திறந்தாச்சான்னு பார்த்துட்டுக் கிளம்புங்க. பிளைனைல சுரங்கத்துக்குள்ள கூட்டிட்டுப் போவாங்க, ஆனா உள்ளே படி உண்டு, தரை ஈரம், வருஷம் முழுக்கக் குளிர். ஜூன்லயும் ஸ்வெட்டர் வேணும்.

முட்டி வலிக்கு மருந்து ரயில்தான். போர்த்மடோக்லேருந்து பிளைனை வரைக்கும் ஃபெஸ்டினியோக் ரயில், பதிமூன்றரை மைல், ஒரு வழிக்கு ஒன்றேகால் மணி. 1836ல குவாரிக்காகப் போட்டது, தண்டவாள அகலம் 60 சென்டிமீட்டர்கூட இல்லை. ஆரம்பத்துல இன்ஜினே கிடையாது. சிலேட்டு ஏத்தின வண்டிங்க சரிவுல தானா உருண்டு துறைமுகத்துக்கு வரும், பிரேக்காரர் மேலே நின்னு பிடிப்பார். காலி வண்டியைக் குதிரை மேலே இழுக்கும், இறங்கும்போது அந்தக் குதிரையும் ஒரு வண்டியில ஏறி ஹாயா வரும். நீராவி வந்தது 1863ல. துவால்ட் நிலையத்துல பாதை ஒரு வளையம் போட்டுத் தன் மேலயே ஏறிப் போகும். பழைய பாதை நீர்த்தேக்கத்துல மூழ்கிட்டதால தன்னார்வலர்கள் புதுசா வெட்டினது அது.

ஸ்னோடன் மலை உச்சிக்குப் பல்சக்கர ரயில் லான்பெரிஸ்லேருந்து, 1896 முதல். நம்ம நீலகிரி ரயிலும் இதே ஆப்ட் பல்சட்ட முறைதான், ரெண்டுக்கும் பழைய இன்ஜின் கொடுத்தது ஸ்விட்சர்லாந்து வின்டர்தூர் பட்டறை. ஆனா நீலகிரியில கல்லாறு–குன்னூர் மட்டும்தான் பல்சட்டம், இங்க அடிமுதல் முடிவரை. சரிவும் ஐந்தரைக்கு ஒன்று, நீலகிரியில பன்னிரண்டுக்கு ஒன்று. போய்வர இரண்டரை மணி, உச்சியில அரை மணிதான், வந்த ரயில்லயே திரும்பணும். முன்பதிவு கட்டாயம்னு வெச்சுக்கோங்க. காத்து பலமா இருந்தா உச்சிக்கு விடமாட்டாங்க, க்ளோக்வின் நிலையத்தோட திருப்பிடுவாங்க.

சொல்லாழி
பெயர்ப்பலகை பற்றி ஒரு வார்த்தை, வழி தவறுவது பெரும்பாலும் அதனால்தான். வேல்ஸ் மொழியில் சொல்லின் முதல் எழுத்தே திரியும். பாங்கர் என்பது ஊர். "பாங்கருக்கு" என்றால் "இ வாங்கர்". "பாங்கரில்" என்றால் "அம் மாங்கர்". நம் புணர்ச்சியில் மெய் திரிவதைப் படித்தவர்களுக்கு இது வியப்பாக இராது, ஆனால் அவசரத்தில் பலகையில் ப-வைத் தேடினால் ஊர் கிடைக்காது. இரட்டை எல் வந்தால் நாக்கை ல் சொல்லும் இடத்தில் வைத்துக் குரல் இல்லாமல் பக்கவாட்டில் காற்றை ஊதுங்கள். இரட்டை டி நமக்குச் சும்மா வரும், "அது" என்பதில் வரும் த-தான். சாலையில் பெரிதாக "அராவ்" என்று எழுதியிருந்தால் மெதுவாகப் போகச் சொல்கிறார்கள். "பெரிக்ல்" என்றால் ஆபத்து.

மலையின் பெயரையும் ஸ்னோடன் என்று தேடாதீர்கள். 2022 நவம்பரில் பூங்கா நிர்வாகம் வேல்ஸ் பெயர்களையே புழங்குவதென்று முடிவெடுத்துவிட்டது. இப்போதைய வரைபடங்களில் மலை 'அர் வித்வா', பூங்கா 'எரரி'.

கோட்டைவாசல்
மலை பேச்சு வந்ததால்: முட்டி நன்றாக இருக்கிற மூவர் நடந்து ஏற நினைத்தால், உயரம் 1,085 மீட்டர், லான்பெரிஸ் பாதையில் போக வர 14 கிலோமீட்டருக்கு மேல், ஆறு மணி நேரம். பென்-ய்-பாஸிலிருந்து ஏறினால் வண்டி நிறுத்த முன்பதிவு செய்யவேண்டும். அங்கே பிக் பாதையில் புல்க் ய் மோக் என்ற கணவாயில் ஒரு பிரிவு வரும். வலப்பக்கம் மேலேறுவது க்ரிப் கோக். கத்தி முனை மாதிரிப் பாறை விளிம்பு, இருபுறமும் பள்ளம். முன்னால் போகிறவரைப் பின்தொடர்ந்து அதில் ஏறி நடுவில் மாட்டிக்கொள்பவர்கள் ஏராளம். இடப்பக்கம் போங்கள்.

நாடோடிக்கிளி
நன்றி. அப்படியானால் கைர்னார்வனை விட்டுவிடலாமா? கான்ஸ்டான்டினோபிள் மதிலைப் பார்த்துக் கட்டியது என்று எங்கும் எழுதியிருக்கிறதே?

சிலேட்டுக்கல்
பல நிறக் கல் பட்டைகளையும் பலகோணக் கோபுரங்களையும் வைத்துப் பிற்கால ஆய்வாளர்கள் சொன்ன கருத்து அது, மறுப்பவர்களும் உண்டு. கோபுரமெல்லாம் சுழல்படி. இந்தக் குழுவுக்கு விட்டுவிடலாம் என்பேன்.

கோட்டைவாசல்
வெளியிலிருந்தாவது பார்க்கட்டும். ஆற்றுக்கு எதிர்க்கரையில் நின்றால் கோட்டை முழுதாகத் தெரியும், அரை மணி போதும். என் கணக்கு இப்படி: முதல் நாள் கான்வி மதிலடி, பிறகு பாலம் கடந்து பியூமாரிஸ். இரண்டாம் நாள் லான்ரூஸ்ட் கல்பெட்டி, டொல்விதெலன் சாலையிலிருந்து பார்வை, மலைக்கணவாய் தாண்டி பிளைனை, அங்கிருந்து ரயில். சிலேட்டுக்கல் ஐயாவுக்காக இதைச் சேர்க்கிறேன்! மூன்றாம் நாள் லான்பெரிஸ், வழியில் கைர்னார்வன். ஹார்லெக் இதில் அடங்காது. அதற்கு இன்னொரு நாள் வேண்டும்.

சிலேட்டுக்கல்
இரண்டாம் நாளை மட்டும் முன்கூட்டியே கெட்டியாக முடிவு செய்யாதீர்கள். மேற்கிலிருந்து வரும் ஈரக்காற்று மலையில் மோதி பிளைனையில்தான் கொட்டும். அதே நேரம் கான்விக் கரை காய்ந்து கிடக்கும். காலையில் வானிலை பார்த்து முதல் நாளையும் இரண்டாம் நாளையும் மாற்றிக்கொள்ளுங்கள். ரயில் சீட்டை மாற்ற முடியுமா என்று வாங்கும்போதே கேட்டுவிடுங்கள்.

இருப்புப்பாதை
வண்டி ஓட்டறவருக்கு: 2023 செப்டம்பர் 17லேருந்து வேல்ஸ்ல ஊருக்குள்ள பொதுவா 20 மைல்தான் வேகம். தெருவிளக்கு இருக்கு, வேற பலகை இல்லைன்னா 20ன்னே எடுத்துக்கோங்க, ஒவ்வொரு தெருவுலயும் எழுதி வெச்சிருக்க மாட்டாங்க. என்னிக்காவது ஹார்லெக் போனா ஃபோர்த் பென் லெக் தெருப்பக்கம் காரை விடாதீங்க. 2019ல உலகத்துலயே செங்குத்தான தெருன்னு கின்னஸ் கொடுத்து, அடுத்த வருஷமே நியூசிலாந்துக்குத் திருப்பிக் கொடுத்தாங்க. பட்டம் போச்சே தவிர சரிவு அப்படியேதான் இருக்கு.