2147483647: உங்களுக்கு இந்த எண் எங்கே எதிர்ப்பட்டது?

டேட்டா_தம்பி:
ஒரு ஜவுளிக்கடையின் பழைய வாடிக்கையாளர் பட்டியலை எக்செல்லில் எடுத்துக் கொடுக்கச் சொன்னார்கள். திறந்தால், போன் நம்பர் என்ற தலைப்பின் கீழே கடைசி வரைக்கும் 2147483647. கடைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன தம்பி, ஊருக்கே ஒரே சிம்மா?" என்றார். பழைய மைஎஸ்கியூஎல் தரவுத்தளம், போன் நம்பருக்கு இன்ட் என்ற முழு எண் வகை (அதன் உச்சம் இந்த எண்தான்), உச்சத்தைத் தாண்டினால் ஏற்க மறுக்கும் ஸ்ட்ரிக்ட் மோட் கிடையாது. தாண்டிய எல்லாம் இந்த உச்ச எண்ணாகவே பதிவாகிவிட்டது. நம் மொபைல் எண்கள் 6, 7, 8, 9-இல்தான் தொடங்குகின்றன, ஒன்றுகூடத் தப்பாது. தப்பியது நாலைந்து பேர் மட்டும். எஸ்டிடி கோடு இல்லாமல் லேண்ட்லைன் கொடுத்தவர்கள்.

வாத்தியார்_மகள்:
எனக்கு இது ஹாஸ்டல் மொட்டைமாடியில் எதிர்ப்பட்டது. 2^31 − 1, அதாவது இந்த எண், பகா எண் என்பதைக் கையாலேயே சரிபார்க்கலாம் என்று ஒரு சீனியர் பந்தயம் கட்டினாள். வர்க்கமூலம் 46340-ஐத் தாண்டுகிறது. அதுவரை உள்ள பகா எண்களால் எல்லாம் வகுப்பதா என்று நாங்கள் சிரித்தோம். அவள் பழைய கணித மேதை ஆய்லரின் வழியைக் காட்டினாள். இதை வகுக்கக்கூடிய எந்தப் பகா எண்ணும் 248-ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 63 தர வேண்டும். அப்படிப் பார்த்தால் முதல் ஆளே 311. வகுத்தோம், மீதி 35. அடுத்தவர் யார் என்று தேடினால் 497, 559, 745 என்று எல்லாம் சிறிய எண்களாக உடைகின்றன. நேரே 1303-க்குத் தாவுகிறது. அங்கே மீதி 226. கணினி இல்லாத 1772-இல் அந்த மனிதர் கடைசிவரை போய் முடித்திருக்கிறார். அதுவும் அப்போது அவருக்குப் பார்வை ஏறக்குறைய போய்விட்டது.

ஓவர்ஃப்ளோ_அண்ணாச்சி:
நான் எழுதிய கேமில் ஸ்கோர் இந்த எண்ணைத் தாண்டியதும் திடீரென்று −2147483648 ஆனது, என் கதை அவ்வளவுதான். ஆனால் தம்பி, இன்ட்டை மட்டும் குறை சொல்லாதீர்கள். குறியில்லாத (மைனஸ் எண்களே ஏற்காத) இன்ட் போட்டிருந்தாலும் 4294967295 வரைதான், அதிலும் மொபைல் நம்பர் அடங்காது. இன்னும் பெரிய எண்களுக்கான பிக்இன்ட் போட்டால் அடங்கும், ஆனால் முன்னால் உள்ள சைபர் பறந்துவிடும், +91 நிற்காது. போன் நம்பரைக் கூட்டப் போகிறோமா, பெருக்கப் போகிறோமா? எழுத்துகளாகவே சேமிக்கும் வார்சார் போடுங்கள். பின்கோடு, ஆதார், பேங்க் கணக்கு எண் எல்லாவற்றுக்கும் இதே கதைதான். ஸ்ட்ரிக்ட் மோடையும் இன்றைக்கே போட்டுவிடுங்கள். அப்புறம் பேக்கப் எடுக்கிறீர்களா இல்லையா?

கடன்காரன்:
அண்ணாச்சி, யாரும் கேட்கவில்லையே!
2020-இல் வீட்டுக்கடன், இருபது வருஷம். கடன் கொடுத்த இடத்தின் பழைய மென்பொருள் அச்சடித்துத் தந்த தாளில் கடைசித் தவணை 1904 ஜனவரி. 1970-இலிருந்து நொடிகளை எண்ணும் 32-பிட் கணக்கு, 2038 ஜனவரி 19 கிரீன்விச் நேரம் 03:14:07-க்கு இந்த எண்ணைத் தொட்டு, அடுத்த நொடி 1901 டிசம்பருக்குப் போய்விடும் என்று பிறகுதான் படித்தேன். கவுன்ட்டரில் இருந்தவர் தாளைப் பார்த்தார், சீல் குத்தினார், "கையெழுத்துப் போடுங்க சார்" என்றார். என் கொள்ளுத்தாத்தா கட்டி முடித்த கடனுக்கு நான் இன்னும் இஎம்ஐ கட்டுகிறேன்.

பழைய_புத்தகம்:
@வாத்தியார்_மகள், அந்த வழியைப் பார்த்துச் சலித்துப்போனவர் ஆங்கிலக் கணிதர் பீட்டர் பார்லோ போல. 2^30-ஐ இந்த எண்ணால் பெருக்கினால் வரும் நிறைவெண் (தன்னைத் தவிர்த்த வகுஎண்களின் கூட்டுத்தொகைக்குச் சமமான எண்) 2305843008139952128. இனி இதைவிடப் பெரியதை யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள், பயனில்லாத ஒன்றை யார் தேடுவார்கள் என்று 1811-இல் எழுதிவைத்தார். 1876-இல் பிரெஞ்சுக் கணிதர் எட்வார்ட் லூக்கா 2^127 − 1 பகா எண் என்று நிரூபித்துவிட்டார், 39 இலக்கம். உங்கள் சீனியர் பந்தயத்தில் ஜெயித்தாரா, சொல்லவேயில்லையே?