மறு: சக மாணவர் வரைவைப் படித்துக் கருத்துச் சொல்வதற்கு ‘உடன்வாசிப்பு’

அனைவருக்கும் வணக்கம்.

எழுத்து வகுப்பில் ஒரு மாணவரின் வரைவை இன்னொரு மாணவர் படித்துக் கருத்து எழுதுகிறாரே, அதற்குத் தமிழ்க் கலைச்சொல் தேடும் இந்த உரையாடலில் இதுவரை ‘சக மதிப்பாய்வு’, ‘ஒத்தோர் ஆய்வு’, ‘தோழர் திருத்தம்’ என்று மூன்று சொற்கள் வந்துள்ளன. ஆய்விதழ்களுக்கு முதல் சொல்லே போதும். கட்டுரையை ஏற்பதா வேண்டாமா என்று அங்கே ஒரு முடிவு எடுத்தாக வேண்டும். வகுப்பறைக்கு அது பொருந்தாது என்றே உறுதியாக நினைக்கிறேன்.

‘மதிப்பு’ என்றதுமே மாணவருக்கு மதிப்பெண்தான் நினைவுக்கு வரும். “நன்றாக இருக்கிறது, பத்துக்கு ஏழு” என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுவார். அதை வைத்துக்கொண்டு எழுதியவர் ஒரு வரியைக்கூட மாற்ற முடியாது. “மூன்றாம் பத்தியில் வரும் ‘அவர்’ அப்பாவா ஆசிரியரா என்று புரியாமல் மேலே போய் மறுபடி படித்தேன்” என்று ஒருவர் சொன்னால் அன்றைக்கே திருத்திவிடலாம். இப்படிச் சொல்ல இலக்கணப் புலமை வேண்டியதில்லை; கவனமாகப் படித்து, எங்கே தடுக்கியது என்று காட்டினால் போதும். ‘திருத்தம்’ என்ற சொல்லோ பேனாவையே படிப்பவர் கையில் கொடுத்துவிடுகிறது. திருத்துவது எழுதியவரின் வேலை.

அதனால்தான் ‘உடன்வாசிப்பு’ என்கிறேன். உடன்பிறப்பு, உடன்படிக்கை என்று ‘உடன்’ நமக்குப் பழகிய சொல்தான். உடன்வாசகர், உடன்வாசித்தார் என்று கிளைச்சொற்களும் எளிதாக வருகின்றன. மறுவாசிப்பு, எதிர்வாசிப்பு இரண்டுக்கும் இலக்கிய விமர்சனத்தில் வேறு பொருள் நிலைத்துவிட்டது. அவற்றைத் தொட வேண்டாம்.

நன்னூலில் பவணந்தியார் போடும் கணக்கு இங்கே பொருத்தமானது. ஆசிரியர் சொன்னதை எவ்வளவு நன்றாக உள்வாங்கினாலும் கால் பங்குதான் கிடைக்கும். ‘அவ்வினையாளரொடு பயில்வகை ஒருகால்’, அதாவது உடன் பயில்வோரோடு பழகுவதில் இன்னொரு கால். பிறருக்கு எடுத்துரைப்பதில் மீதி அரை. அடுத்தவர் வரைவைப் படித்துச் சொல்பவரும் கற்கிறார் என்பதை நம் கலைச்சொல் மறைத்துவிடக் கூடாது.

‘எல்லோரும் ஒரே நேரத்தில் சேர்ந்து படிப்பது என்று பொருள்பட்டுவிடாதா’ என்ற ஐயம் நியாயமானது. முதல் முறை வரும் இடத்தில் ‘வரைவு உடன்வாசிப்பு’ என்று எழுதினால் குழப்பம் இருக்காது.

மென்பொருளைத் தமிழாக்குவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மூடில் (Moodle) என்ற இணையவழிக் கற்றல் மென்பொருளில் ‘ஒர்க்ஷாப்’ என்ற செயல்பாட்டில் மாணவர்கள் ஒருவர் படைப்புக்கு ஒருவர் மதிப்பெண் இடுகிறார்கள். அப்படி மதிப்பிட்டதற்கும் தனி மதிப்பெண் உண்டு. அங்கே ‘சக மதிப்பீடு’ என்பதே சரி. அதே மூடிலின் கேள்வி-பதில் மன்றத்தில், தன் பதிலை இட்ட பிறகுதான் மற்றவர்கள் எழுதியதைப் பார்க்க முடியும். உடன்வாசிப்புக்கு இந்த அமைப்பு நன்றாக உதவும். முதலில் வந்த கருத்தையே பின்னால் வருபவர்களும் வழிமொழிவது இணையத்தில் எளிதாக நடந்துவிடுகிறது. பார்க்காமல் எழுதும்போது ஒவ்வொருவரும் தான் தடுக்கிய இடத்தைச் சொல்வார்கள். அங்குள்ள பொத்தானில் ‘மதிப்பிடுக’ வேண்டாம். ‘படித்துச் சொல்க’ என்றே இருக்கட்டும்.

அப்புறம், ‘உடன்வாசிப்பு’ என்று சேர்த்தே எழுதுவோம். பிரித்தால் ‘உடனே வாசிப்பது’ என்று படிக்க இடமாகிவிடும்.