சங்கக் காசு கட்டல்ல என்டு பிள்ளைய சாப்பாட்டு வரிசையில பின்னுக்கு விட்டிருக்காங்க, என்ன செய்யலாம்?

படுவான்கரை அம்மா:
எல்லாருக்கும் வணக்கம். மகள் நாலாம் வகுப்பு. பாடசாலை அபிவிருத்திச் சங்கக் காசு 1,500 ரூபா இன்னும் கட்டல்ல, மழையோட இவருக்கு கூலி வேலை இல்ல, அதான் பிந்திட்டு. போன கிழமை ரெண்டு மூணு நாளா காலையில வயிறு நோவுது என்டு அழுதா, நான் பூச்சி மருந்து குடுத்தன், மறுகா பையப் பார்த்தா சாப்பாட்டுத் தட்டு கொப்பிக்கு அடியில காஞ்சு கிடக்கு, ஒரு சோத்துப் பருக்கை ஒட்டல்ல. கேட்டுக் கேட்டுத்தான் சொன்னா, "காசு கட்டாத ஆக்கள் பின்னுக்கு நில்லுங்க" என்டிருக்காங்க, இவட முறை வரக்குள்ள கறி முடிஞ்சு சோறும் பருப்புத் தண்ணியும்தான். அடுத்த நாள்ல இருந்து பசிக்கல்ல என்டு சொல்லிட்டு வகுப்புலயே இருந்திருக்கா. இப்ப "அம்மா நீங்க பள்ளிக்கு வராதீங்க" என்டுறா. நான் போய்க் கதைச்சா பிள்ளைய இன்னும் ஒதுக்குவாங்களோ?

கல்முனைக் காக்கா:
தங்கச்சி, பயப்படாதீங்க. அந்தச் சாப்பாடு சங்கக் காசில ஆக்குறதில்ல. 2024 மார்ச்ல இருந்து ஆரம்ப வகுப்புப் புள்ளைகளுக்கு அரசாங்கம் குடுக்குற சாப்பாடு. சங்கக் கணக்குக்கும் அந்தத் தட்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. 1945ல இருந்து இலவசக் கல்வி, 1980ல புத்தகம், 1993ல சீருடை என்டு வந்த நம்மட இலங்கையில ஒரு புள்ள பசியோட இருக்கிற அளவுக்கு வெக்கப்படுத்துறது பெரிய அநியாயம். முதல்ல அதிபரிட்ட தனியப் போய்ச் சொல்லுங்க, கேக்காட்டி எழுத்துல குடுங்க, ஒரு பிரதி வலயக் கல்விப் பணிப்பாளருக்கு. அதுக்கும் அசையாட்டி சிறுவர் பாதுகாப்பு அதிகார சபைட 1929 என்ட நம்பருக்கு கோல் எடுக்கலாம், மனித உரிமைகள் ஆணைக்குழுட அலுவலகம் மட்டக்களப்புலயும் இரிக்கி, கல்முனையிலயும் இரிக்கி.

திருக்கோவில் டீச்சர்:
அக்கா, இத வாசிச்சிட்டு எனக்கு மனசு சரியில்ல, ஏனென்டா நானும் இத செய்திருக்கன். வகுப்பு வகுப்பா எவ்வளவு சேர்ந்தது என்டு லிஸ்ட் போடுவாங்க, நம்மட வகுப்பு கடைசியில நின்டா கூட்டத்துல கேள்வி, அந்தக் கோவத்த நான் பிள்ளைகள்ட்ட இறக்கினன். "கட்டாத ஆக்கள் எழும்புங்க" என்டன். ஒரு பொடியன் எழும்பினவன், இரி என்டு நான் சொல்ல மறந்திட்டன், பாடம் முடியுமட்டும் நின்டுட்டான். அதுக்குப் பிறகு ஒரு நாளும் கேட்டதில்ல. பள்ளிக்கும் தண்ணி பில், கரண்ட், பரீட்சைத் தாள் போட்டோகொப்பி என்டு செலவு இருக்குத்தான், அது பொய்யில்ல. ஆனா கடன் தாய் தகப்பன்ட, பிள்ளைட இல்ல. நான் இப்ப எல்லாப் பிள்ளைக்கும் ஒரே மாதிரி ஒட்டின கவர் குடுத்துவிடுவன், கட்டின வீட்டுக்கும் போகும், கட்டாத வீட்டுக்கும் போகும், யார்ட கவருக்குள்ள என்ன என்டு ஒருத்தருக்கும் தெரியாது. இன்னொன்டு, முதலாம் தவணை தொடங்கினதும் காசு கேக்கிறாங்க, நம்மட பக்கம் அப்ப மழை, கடலுக்கும் போகேலா, பெரும்போக வெள்ளாமை வெட்டி முடியவும் இல்ல. வெட்டு முடியட்டும் என்டு ரெண்டு மாசம் தவணை குடுத்தா முக்கால்வாசிப் பேர் தாங்களே கொண்டுவந்து தருவாங்க.

களுவாஞ்சிகுடிப் பொடியன்:
நான் இப்ப கலிபோர்னியாவில. இஞ்ச அமெரிக்காவிலயும் இதே கதை நடந்திருக்கு, அதுவும் சாப்பாட்டுக் காசுக்கே. கணக்குல காசு இல்லாட்டி பிள்ளைட கையில இருக்கிற சூடான சாப்பாட்ட வாங்கிக் குப்பையில கொட்டிட்டு, குளிர்ந்த சீஸ் சான்ட்விச் ஒன்ட குடுப்பாங்க, கையில முத்திரை குத்தின இடமும் இருக்கு. 2017ல நியூ மெக்சிகோ மாநிலம்தான் முதல்ல சட்டம் போட்டது, கடனப் பத்திப் பெற்றோரோட கதைங்க, பிள்ளைய அடையாளம் காட்டாதீங்க என்டு. கலிபோர்னியாவில 2022-23 கல்வியாண்டுல இருந்து அரச பள்ளிப் பிள்ளைகள் எல்லாருக்குமே சாப்பாடு இலவசம், யார் குடுத்தது யார் குடுக்கல்ல என்ட கேள்வியே இல்ல. நம்மட ஊர்ல சாப்பாடு இலவசமா வந்த பிறகும் வேற காசுக்காக வரிசையப் பிரிக்கிறாங்க என்டா அத விடவே கூடாது அக்கா.

படுவான்கரை அம்மா:
எல்லாருக்கும் நன்றி. நேத்து போனன். கடிதமும் எழுதிக் கையில வச்சிருந்தன், குடுக்க வரல்ல. அதிபர் கேட்டிட்டு ஒள்ளுப்ப நேரம் பேசாம இருந்தார், மறுகா தனக்கு இது தெரியாது என்டார், வரிசைய இனி வரவு இடாப்பு ஒழுங்குல விடச் சொல்றன் என்டார். காசுக்கு சித்திரை வரைக்கும் தவணை தந்திருக்கார். இண்டைக்கு மகள்ட தட்டுல மஞ்சள் பிடிச்சிருக்கு, நெத்தலியும் இருந்ததாம். ஆனா இன்னும் பின்னுக்குத்தான் போய் நிக்கிறாவாம், ஒருத்தரும் சொல்லாமலே. டீச்சர், அத எப்பிடி மாத்துறது?