செக்கு எண்ணெய்க் கடைக்கு விஷன், மிஷன் எழுதுவது எப்படி? (அனுபவப் பகிர்வு)

செக்கு நடத்துபவர்:
விஷன்னா கடை எங்க போய்ச் சேரணும்ங்கிறது, மிஷன்னா அதுக்காக தினமும் எப்படி நடந்துக்குவோம்ங்கிறது. ரெண்டையும் எழுத உட்காரும் முன்னாடி பில் புத்தகத்தை எடுங்க. கடைசி மூணு மாசத்துல யார் யார் வாங்கியிருக்காங்கன்னு பிரிச்சுப் பாருங்க: மாசாமாசம் வர்ற வீடுகள், பலகாரக் கடைகள், மொத்தமா வாங்கி வேற பேர் ஒட்டி விக்கிறவங்க. வீட்டுக்காரங்களுக்கு மணமும் நம்பிக்கையும் வேணும். பலகாரக் கடைக்கு விலைதான் முக்கியம். எல்லாரையும் ஒரே வரியில அடக்கப் பார்த்தா "தரமான எண்ணெய், நியாயமான விலை"ன்னுதான் வரும். அந்த வரியை வச்சு ஒரு முடிவும் எடுக்க முடியாது.

கணக்கைப் பாருங்க. 1 லிட்டர் கடலை எண்ணெய்க்குச் சுமார் 2.5 கிலோ பருப்பு போகும். பருப்பு கிலோ 120 ரூபாய்னு வச்சுக்கிட்டா, பருப்புக்கே 300 ரூபாய். புண்ணாக்குல கொஞ்சம் திரும்பும். கரண்டு, கூலி, பாட்டில், வாடகைக்கு அது பத்தாது. அப்படியிருக்க மிஷன்ல "மலிவு விலை"ன்னு எழுதினா ஒண்ணு நஷ்டப்படணும், இல்லேன்னா பாமாயில் கலக்கணும். அந்த வார்த்தையை எடுத்துடுங்க.

சிறுதொழில் கணக்காளர்:
விஷனைச் செக்கின் கொள்ளளவிலிருந்து தொடங்குங்கள். ஒரு தடவைக்கு 15 கிலோ பருப்பு ஆட்டினால் 6 லிட்டர். நாளைக்கு ஐந்து தடவை, மாதம் 25 நாள்: 750 லிட்டர். ஒரு வீட்டுக்கு மாதம் 3 லிட்டர் என்றால் 250 வீடுகள். "மூன்று வருடத்தில் 250 வீடுகளுக்கு மாத எண்ணெய் நம்முடையது" என்பது விஷன். இன்று 90 வீடுதான் என்றால் இன்னும் 160 வேண்டும். அதாவது மாதத்துக்கு நாலைந்து புது வீடுகள். "தமிழகத்தின் நம்பர் ஒன்" என்று எழுதினால் இப்படிக் கணக்குப் போட வழியே இல்லை.

செக்கு நடத்துபவர்:
மிஷனைத் தீபாவளி வாரத்துல சோதிச்சுப் பாருங்க. ஆட்டின எண்ணெய் தெளிய ரெண்டு மூணு நாள் ஆகும். டிரம் அடியில சேறு மாதிரி மண்டி தங்கும். தெளியாம பாட்டில்ல அடைச்சா, வாணலியில ஊத்தினதும் நுரைச்சுப் பொங்கும், சீக்கிரமே சிக்கு வாடை வந்துடும். வாசல்ல கூட்டம் நிக்குது, டிரம்ல நேத்து ஆட்டின எண்ணெய்தான் இருக்கு. கல்லாவுல இருக்கிற பையன் யாரையும் கேக்காம "நாளைக்கு வாங்க"ன்னு சொல்லணும்னா, மிஷன்ல "தெளியாத எண்ணெயை விற்பதில்லை"ன்னு இருக்கணும். எதைச் செய்ய மாட்டோம்னு சொல்ற வரிதான் கடையில நிஜமா வேலை செய்யுது.

இன்னொரு உறுப்பினர்:
நோக்கம் தெளிவாக இருந்தால் முடிவெடுப்பது எளிது என்பதற்கு நல்ல உதாரணம் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை. 1976இல் டாக்டர் கோ. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கினார். தவிர்க்கக்கூடிய பார்வையிழப்பை ஒழிப்பதுதான் நோக்கம். கண்புரை அறுவைச் சிகிச்சையில் கண்ணுக்குள் வைக்கும் வெளிநாட்டு லென்ஸின் விலை ஏழை நோயாளிக்கு எட்டவில்லை. நோக்கம் அவ்வளவு தெளிவாக இருந்ததால், 1992இல் ஆரோலேப் என்ற தயாரிப்பு நிறுவனத்தைத் தொடங்கி லென்ஸைத் தாங்களே தயாரித்தார்கள்.

சிறுதொழில் கணக்காளர்:
மிஷன் இரண்டு வரிக்கு மேல் போக வேண்டாம். பாட்டில் நிரப்புகிறவர் படிக்கும் தமிழில், டிரம்முக்கு மேலே எழுதி ஒட்டுங்கள். எள், தேங்காய் எண்ணெய் சேர்க்கும்போது கொள்ளளவுக் கணக்கை மறுபடி போடுங்கள். ஒரு தடவைக்குப் போடும் அளவும் அது விடும் எண்ணெயின் அளவும் ஒவ்வொன்றுக்கும் வேறு. 250 என்ற எண் அப்படியே நிற்காது.