புதுசா வாற கேர்டேக்கர் பிள்ளையள எப்படி பழக்குறீங்க?

தக்கலை_ஹோம்:
தக்கலை பக்கம் சின்னதா ஒரு முதியோர் இல்லம் நடத்துறோம், 18 பேர் இருக்காவ, பாதிப் பேருக்கு பிள்ளையெல்லாம் கல்ஃப்ல. வேலைக்கு வாற பிள்ளைய ஒரு மாசம் நிக்க மாட்டேங்குது. முதல் நாளே ரூல்ஸ் எல்லாம் வாசிச்சு கையெழுத்து வாங்கிருவோம், ஆதார், போலீஸ் வெரிஃபிகேஷன் எல்லாம் பக்கா. ஆனா போன வாரம் மதுரைப் பக்கத்துப் பிள்ளை ஒண்ணு, மூணாவது நாள் நைட் டூட்டி, விளவங்கோடு பாட்டி ஒண்ணு "வெள்ளம் தா மக்களே"ன்னு கேட்டிருக்கு, இது பாத்ரூம்ல தண்ணி ஒழுகுது போலன்னு ஓடிப்போயி பைப்பெல்லாம் பாத்துட்டு வந்து ஒண்ணுமில்ல தூங்குங்கன்னு சொல்லிருக்கு. பாட்டி விடியிற வரைக்கும் தொண்டை காஞ்சு கிடந்திருக்கு. காலைல நான் சத்தம் போட்டேன், பிள்ளை அழுதுட்டே பஸ் ஏறிட்டு. எத்தனை நாள் டிரெய்னிங் குடுக்கணும்?

ரிட்டயர்டு_நர்ஸ்:
மூணாம் நாளே ஒத்தைக்கு நைட்ல விட்டீங்களா? அப்ப தப்பு அந்தப் பிள்ளை மேல இல்ல. குறைஞ்சது ரெண்டு வாரமாவது பழைய ஆள் கூட நிக்கட்டும். படுக்கையில இருக்கவங்கள 2 மணி நேரத்துக்கு ஒருக்கா திருப்பிப் போடணும்னு பேப்பர்ல எழுதிக் குடுத்தா மறந்துரும், இடுப்புக்கு கீழ தோல் சிவந்து கிடக்கத கண்ணால காட்டிக்குடுங்க, பெறவு மறக்காது. நான் இன்னொண்ணும் செய்வேன், புதுசா வாறவள சேர்ல உக்கார வெச்சு இன்னொருத்திய நின்னுக்கிட்டே அவசர அவசரமா கஞ்சி ஊட்டச் சொல்லுவேன். நாலு ஸ்பூன் போதும், அதுக்குப் பெறவு அவ தானா ஸ்டூல இழுத்துப் போட்டு உக்காந்து ஊட்டுவா.

ராக்கோழி:
நான் ஓனர் இல்ல, வேலை பாக்குற ஆளு. முதன்முதலா சேர்ந்த இடத்துல முதல் நாளே கையில மாப்பும் டயாப்பர் கவரும் தந்தாவ, யாருக்கு சுகர் யாருக்கு பிரஷர்னு ஒரு வார்த்த சொல்லல. காலைல 7 மணிக்கு ஒரு பாட்டாவுக்கு நர்ஸ் இன்சுலின் போட்டுட்டு போயிட்டாவ, அன்னைக்குன்னு பாத்து இட்லி லேட்டு. பாட்டா சட்டை நனைய வேர்த்து கை நடுங்குது, நான் பயந்துட்டாரோன்னு கையப் பிடிச்சுட்டு உக்காந்திருக்கேன். சமையல் அக்காதான் சுகர் இறங்கிட்டுன்னு ஓடிவந்து சீனித்தண்ணி கலக்கிக் குடுத்தாவ, நல்லவேளை முழிப்பா இருந்தாரு. நினைவில்லாத ஆளு வாயில அத ஊத்தக்கூடாது, 108க்கு அடிக்கணும்னு பெறவுதான் தெரிஞ்சுது. இதத்தான முதல் நாளே சொல்லணும், லீவ் எடுத்தா சம்பளம் கட்டுன்னா சொல்லுவாவ.

குளச்சல்காரன்:
சொல்றதெல்லாம் சரி, ஆனா சின்ன ஹோம்ல நைட்டுக்கு ரெண்டு பேர போட எங்கிட்டு காசு?

ரிட்டயர்டு_நர்ஸ்:
@குளச்சல்காரன் மாசா மாசம் புது ஆள் தேடுற செலவையும் கொஞ்சம் கூட்டிப் பாருங்க தம்பி.

தக்கலை_ஹோம்:
அக்கா சொன்னது சுட்டுது, ஆனா சரிதான். நேத்து உக்காந்து ஒவ்வொரு கட்டில் தலைமாட்டுலயும் ஒரு அட்டை ஒட்டியாச்சு, சுகரா, சாப்பாடு எப்படி, ராத்திரி லைட்டு வேணுமா, இப்படி. விளவங்கோடு பாட்டி அட்டைல முதல் வரி, வெள்ளம்னா தண்ணி, சூடா குடுக்கணும். அந்த மதுரைப் பிள்ளைக்கும் போன் அடிச்சேன், எடுக்கல.