தேங்காய் எண்ணெய் சோப்புக்கு காஸ்டிக் சோடா: கையுறை மட்டும் போதுமா?

அம்பைக்காரி
தோப்புக் காயை ஆட்டியதில் எண்ணெய் மீந்து கிடக்கிறது. மைனியும் நானும் சோப்பு செய்து பார்க்கலாம் என்று காஸ்டிக் சோடா செதில் ஒரு கிலோ வாங்கியாயிற்று. கடைக்காரர் "கையுறை போட்டுக்கிடுங்க" என்பதோடு முடித்துவிட்டார். அத்தை பழைய அலுமினியச் சட்டியை எடுத்துத் தருகிறார், மைனியோ எலுமிச்சம்பழத்தை நறுக்கிப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் மேலே பட்ட இடத்தில் தேய்த்துவிடலாம் என்கிறார். வீட்டில் ஆறு வயதுப் பையன் வேறு. எந்தப் பாத்திரம், எவ்வளவு சோடா, மேலே பட்டால் முதலில் என்ன செய்ய? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பாளை வாத்தியார்
அலுமினியம் ஆகவே ஆகாது தாயி. காஸ்டிக் அதை அரித்துத் தின்னும், சூடு ஏறும், கூடவே ஹைட்ரஜன் வாயு கிளம்பும், அது தீப்பிடிக்கக்கூடியது. எவர்சில்வர் நல்லது, இல்லாவிட்டால் அடியில் முக்கோணத்துக்குள் 5 என்று போட்ட கனமான பிளாஸ்டிக் பாத்திரம். கண்ணாடி சூட்டில் விரிசல் விடும்.

தண்ணீரை முதலில் ஊற்றிவிட்டு அதில்தான் செதிலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவிக் கிண்ட வேண்டும். மாற்றி, செதில் மேல் தண்ணீரை ஊற்றினால் அந்த இடத்திலேயே கொதித்து முகத்தில் தெறிக்கும். சுண்ணாம்பு நீற்றும்போது பானை எப்படிக் கொதிக்கும் என்று பார்த்திருப்பீர்களே, அதே சங்கதிதான். அடுப்பே இல்லாமல் 80 டிகிரியைத் தாண்டும், அதனால் பச்சைத் தண்ணீரே போதும், வெந்நீர் வேண்டாம்.

சாரல் சோப்பு
உழக்குக் கணக்கெல்லாம் இதற்குச் சரிவராது, டிஜிட்டல் தராசில்தான் நிறுக்க வேண்டும். ஒரு கிலோ தேங்காய் எண்ணெய் முழுவதும் சோப்பாக மாற சுமார் 183 கிராம் காஸ்டிக் வேண்டும். நான் 5 சதவீதம் குறைத்து 174 கிராம்தான் போடுவேன், கொஞ்சம் எண்ணெய் மிச்சம் நின்றால் தோலுக்கு நல்லது, சோடா மிச்சம் நின்றால் தோல் பொத்துப்போகும். தண்ணீர் 350 கிராம். வேறு எண்ணெய் கலந்தால் இந்தக் கணக்கு மாறும்.

அச்சில் ஊற்றிய பிறகும் ஓரிரு நாள் வெறுங்கையால் தொடாதீர்கள், உள்ளே வேலை நடந்துகொண்டுதான் இருக்கும். அப்புறம் நாலு வாரமாவது காற்றாட வையுங்கள்.

வார்டு அக்கா
கையுறையை விட முக்கியம் கண். சாதாரண மூக்குக் கண்ணாடி போதாது, பக்கவாட்டிலும் மூடியிருக்கிற கண்ணாடி வேண்டும். முழுக்கைச் சட்டை, முழங்கை வரை வருகிற ரப்பர் கையுறை, மூடிய செருப்பு. மோதிரம், வளையலைக் கழற்றி வைத்துவிடுங்கள், அதற்கடியில் சோடா தங்கினால் தெரியாது.

எலுமிச்சையும் வேண்டாம், வினிகரும் வேண்டாம். அதைத் தேடுகிற நேரத்தில் காரம் உள்ளே இறங்கிவிடும், போதாக்குறைக்கு இரண்டும் சேர்ந்தால் சூடும் வரும். செதிலாக ஒட்டியிருந்தால் முதலில் தட்டிவிட்டு, நனைந்த துணியைக் கழற்றிப் போட்டுவிட்டு, ஓடுகிற தண்ணீரில் 20 நிமிஷம் கழுவ வேண்டும். வலி இல்லையே என்று பாதியில் நிறுத்தாதீர்கள், காரம் பட்டால் சிலருக்கு முதலில் வலியே தெரியாது, வழவழப்பாக மட்டும் இருக்கும். கண்ணில் பட்டால் இமையை விரித்துப் பிடித்து அதே 20 நிமிஷம் கழுவிவிட்டு நேரே பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். பிள்ளை விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்கவே கூடாது, போன வழியையே திரும்பவும் சுட்டுக்கொண்டு வரும். வாயைக் கொப்பளிக்க வைத்து 108க்குப் போடுங்கள்.

தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா என்று முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். கரண்ட் போய் மோட்டார் ஓடாத நேரம்தான் வந்து வாய்க்கும்.

அம்பைக்காரி
நன்றி அக்கா, நன்றி அண்ணாச்சி. அடுக்களையில் வேண்டாம் என்று தோன்றுகிறது. தட்டட்டியில், அதாவது மொட்டை மாடியில், வைத்துக் கலக்கலாமா? மிச்ச சோடாவை என்ன செய்ய?

பாளை வாத்தியார்
தட்டட்டியில் காற்று சுழற்றி அடிக்கும், செதில் பறந்து கண்ணுக்கு வரும். புறவாசலில் குழாய் பக்கத்தில், காற்றுக்கு முதுகைக் காட்டி நின்று கலக்குங்கள். வருகிற ஆவியைக் குனிந்து மோந்து பார்க்க வேண்டாம். பையன் பள்ளிக்கூடம் போன பிறகு ஆரம்பியுங்கள்.

மிச்சத்தைக் காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் போட்டுப் பெரிதாக எழுதி ஒட்டி, பையனுக்கு எட்டாத இடத்தில் பூட்டி வையுங்கள். குளிர்பான பாட்டில், ஹார்லிக்ஸ் பாட்டில் எல்லாம் வேண்டாம். கக்கூஸ் கழுவுகிற ஆசிட் இருக்கும் அலமாரியிலும் வைக்காதீர்கள், இரண்டும் சிந்திக் கலந்தால் பொங்கித் தெறிக்கும்.

சாரல் சோப்பு
சாரல் நேரத்தில் டப்பாவைத் திறந்து போட்டால் ஈரத்தை இழுத்துக் கட்டி தட்டிவிடும், அப்புறம் 174 கிராம் நிறுத்தாலும் அதில் ஒரு பகுதி தண்ணீராகத்தான் இருக்கும்.