காலிபர்: துளைவிட்டமா, தோட்டா வகையா?

அன்பர்களே,
துப்பாக்கி சுடும் விளையாட்டுக் கையேட்டின் மொழிபெயர்ப்பை வெள்ளிக்கிழமை ஒப்படைக்க வேண்டும். ‘தேவைக்கேற்ற காலிபர்’ என்ற இயலில் நிற்கிறேன். துப்பாக்கிக் குழலின் உள்விட்டத்தைக் குறிக்கும் காலிபருக்குத் ‘துளைவிட்டம்’ சரிவருமா?

———

> துளைவிட்டம்

துளை வினையடியும் ஆகும். ‘துளைக்கும் விட்டம்’ என்று வினைத்தொகையாகவும் படிக்க இடமுண்டு. வருமொழி வல்லினத்தில் தொடங்கினால் ஒற்று மிகுவதை வைத்துப் பிரித்தறியலாம். வகரத்தில் அந்த வழியும் இல்லை. ‘புழைவிட்டம்’ என்போம். உள்ளே குழலாக ஓடுவதால்தான் துதிக்கை புழைக்கை ஆயிற்று. ஆகுபெயராய் யானைக்கும் அதுவே பெயர். துப்பாக்கிக் குழலுக்கு இதைவிடப் பொருந்தும் சொல் ஏது?

———

> புழைவிட்டம்

சொல் அழகுதான். முதன்முறை துப்பாக்கியைத் தொடுபவருக்குப் புரியாது. அதைவிடப் பெரிய சிக்கல், விட்டம் மட்டும் தெரிந்தால் எதையும் தேர்ந்தெடுக்க முடியாது என்பது. .22 லாங் ரைஃபிள், .223 ரெமிங்டன் என்ற இரு தோட்டா வகைகளின் குண்டும் ஏறக்குறைய 5.7 மி.மீ. முன்னது 40 கிரெய்ன் எடையுள்ள குண்டை நொடிக்குச் சுமார் 330 மீட்டர் வேகத்தில் விடும். 50 மீட்டர் இலக்கில் பயில அது போதும், தோளில் உதைக்காது. பின்னது 55 கிரெய்ன் குண்டை 980 மீட்டரை ஒட்டி விடும். .308 வின்செஸ்டருக்கும் .30-06-க்கும் குண்டு விட்டம் ஒன்றே. குண்டைப் பிடித்திருக்கும் மருந்துறையின் நீளமோ 51, 63 மி.மீ.

ஆபத்தும் இங்கேதான். .300 பிளாக்அவுட்டின் உறை, .223-இன் உறையைக் குறுக்கிச் செய்தது. தோட்டாக்களை அடுக்கும் ஒரே மேகசினில் இரண்டும் உட்காரும். சில குண்டுகள் பொருத்திய .300 பிளாக்அவுட், .223 துப்பாக்கியில் தோட்டா அமரும் அறைக்குள்ளும் நுழைந்துவிடும். சுட்டால் 7.8 மி.மீ. குண்டு 5.7 மி.மீ. குழலில் அடைபட்டு, அழுத்தம் ஏறித் துப்பாக்கி வெடிக்கும். குழலில் பொறித்த பெயரும் தோட்டாவின் அடியில் பொறித்த பெயரும் முழுதாக ஒத்திருக்க வேண்டும். ஆகவே இயலுக்குத் ‘தோட்டா வகை’ என்றே பெயரிடுங்கள்.

———

தோட்டாவே இந்தி வழி வந்ததுதானே? ஈழ வழக்கில் ரவை என்பார்கள். காலிபரின் வேர், வார்ப்பச்சைக் குறிக்கும் ‘காலிப்’ என்ற அரபுச் சொல் என்பது பரவலான கருத்து. அப்படியானால் ‘அச்சளவு’ எனலாமே?

———

அச்சளவு என்றால் அச்சகம்தான் நினைவுக்கு வரும். துளைவிட்டம் என்றாலும் எங்கே அளந்தது என்று சொல்லியாக வேண்டும். .308 குழலில், குண்டைச் சுழற்ற உள்ளே வெட்டிய புரியின் மேடுகளுக்கிடையே 7.62 மி.மீ., பள்ளங்களுக்கிடையே 7.82. பெயரில் இருக்கும் .308 அங்குலம் இந்த இரண்டாவது அளவு.

———

அனைவருக்கும் நன்றி. நேரமில்லை. தலைப்பு ‘தேவைக்கேற்ற தோட்டா வகை’. குழலை அளக்கும் இடங்களில் துளைவிட்டம். முதன்முறை வரும்போது காலிபர் என்பதையும் சேர்த்துத் தருகிறேன். தோட்டாப் பெயர்களை மொழிபெயர்க்கவில்லை, சுருக்கவுமில்லை.

———

தலைப்பை ஏற்கிறேன். வினைத்தொகை பற்றிய என் மறுப்பு அப்படியே நிற்கிறது. கலைச்சொல் பட்டியலில் புழைவிட்டத்துக்கும் ஒரு வரி கொடுங்கள்.